எஃப்.எம். முறையும் தொனி அடைப்பும்: குடிமக்கள் வானொலியைக் கையாளுவோர்க்கு ஒரு பாடம்

சுரங்கத்தின் வைண்டிங் எஞ்சினை இயக்குபவர் கூண்டினுள் நிற்பவரைக் காண இயலாது. கீழிருந்து வரும் மணியோசையின் எண்ணிக்கையே அவருக்குக் கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் கூண்டை நிறுத்துவதற்கு ஒரே மணி என்பது இந்தியச் சுரங்கங்களின் வழக்கு. மிக அவசரமான கட்டளைக்கு மிகச் சுருக்கமான குறியை முன்னோர் ஒதுக்கி வைத்தனர். சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கம் உள்ளிட்ட கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. எனினும், முகம் காணாத ஒருவருக்குச் செய்தி அனுப்புவதில் அம்மணிகள் கடைப்பிடித்த ஒழுங்கு, கையடக்க வானொலிக் கருவியைப் பயன்படுத்துவோர்க்கு இன்றும் தேவைப்படுகிறது. பாறையினூடே இக்கருவிகளின் அலைகள் செல்லமாட்டா. ஆகவே இங்குக் கூறப்படுவன யாவும் நிலமட்டத்துப் பணிகளுக்கே பொருந்தும். கழிவுமண் மேடுகளை அளப்போரும், மாணவரை வெளிக்களத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் இவற்றை அறிந்திருத்தல் நலம்.

இந்தியாவில் 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குடிமக்கள் அலைவரிசையில் 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலுடைய கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை என 2005-இல் விதி செய்யப்பட்டது. கருவியின் வகை அரசின் ஒப்புதல் பெற்றிருத்தல் வேண்டும். அமெரிக்க வழக்கப்படி அமைந்த கருவிகளில் 40 தடங்கள் இருக்கும். அவற்றுள் 27-ஆம் தடம் 27.275 மெகாஹெர்ட்ஸில் அமைந்துள்ளது. 28-ஆம் தடமோ 27.285-இல் அமைந்து நம் எல்லையைக் கடந்துவிடுகிறது. எனவே வெளிநாட்டுக் கருவியின் குமிழ் 40 வரை திரும்புகிறது என்பதால் 40 தடங்களும் நமக்கு உரியன ஆகிவிடா. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றாற்றல் வாக்கி-டாக்கிகளுக்கு 2018-இல் இதுபோன்ற விலக்கு அளிக்கப்பட்டது. அவை எஃப்.எம். முறையிலேயே இயங்குவன.

குடிமக்கள் வானொலி நெடுங்காலம் ஏ.எம். எனும் வீச்சுப் பண்பேற்ற முறையையே பெரிதும் சார்ந்திருந்தது. அமெரிக்காவில் எஃப்.எம். எனும் அதிர்வெண் பண்பேற்ற முறைக்கு 2021-இல்தான் இசைவு கிடைத்தது. பிரிட்டனிலோ 1981-இல் இச்சேவை சட்டப்படி தொடங்கியபோதே எஃப்.எம். முறைதான் விதிக்கப்பட்டது. ஏ.எம். முறையில் பேச்சுக்கேற்ப அலையின் வலிமை கூடிக் குறைகிறது. மின்கம்பிகளின் பொறியும் வண்டி எஞ்சினின் தீப்பொறியும் அலையின் வலிமையையே தாக்குவதால் அவை பேச்சோடு கலந்து ஒலிக்கும். சிவசமுத்திரத்து நீர்மின்சாரம் 1902-லேயே வந்து சேர்ந்த தங்கவயல் போன்ற ஊர்களில் மின்கம்பிகளுக்குக் குறைவில்லை; அவற்றின் கீழ் நின்று ஏ.எம். கருவியைத் திறப்பவர் அந்த உறுமலைக் கேட்பது இயல்பு. எஃப்.எம். முறையில் வலிமை மாறுவதில்லை. அதிர்வெண் மட்டுமே சிறிது விலகி மீள்கிறது. வாங்கி வலிமையின் ஏற்றத்தாழ்வைத் தறித்துவிடுவதால் இரைச்சலின் பெரும்பகுதி நீங்குகிறது.

ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. ஏ.எம். முறையில் இருவர் ஒரே தடத்தில் ஒருங்கே பேசினால், அவ்விரு அலைகளின் சிறு வேறுபாடு ஒரு சீழ்க்கையாக ஒலிக்கும். சொல் விளங்காவிடினும் இன்னொருவர் அழைக்கிறார் என்பது கேட்பவர்க்குத் தெரிந்துவிடும். எஃப்.எம். முறையிலோ வலிய அலை மெலிய அலையை விழுங்கிவிடுகிறது. மெலியவர் அழைத்த சுவடே இராது. விமானங்கள் இன்றளவும் தரையோடு ஏ.எம். முறையில் பேசுவதற்கு இதனையும் ஒரு காரணமாகச் சொல்வர். எட்டும் தொலைவின் விளிம்பில் ஏ.எம். பேச்சு இரைச்சலோடு தேய்ந்துகொண்டே போகும், எஃப்.எம். பேச்சோ திடீரென அறுந்துவிடும்.

இனித் தொனி அடைப்பைக் காண்போம். அலை ஏதும் வராதபோது எஃப்.எம். வாங்கி ஓயாது இரையும். அவ்விரைச்சலை அடக்கி, அலை வந்தால் மட்டும் ஒலிபெருக்கியைத் திறக்கும் அமைப்பே ஸ்குவெல்ச். இது எந்த அலை வந்தாலும் திறந்துவிடும். சூரியக் கரும்புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மேல்வளி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும். அயல்நாட்டார் பேச்சு நாள் முழுதும் ஒலிக்கலாம். இத்தொல்லையைத் தவிர்க்கவே தொனி அடைப்பு ஏற்பட்டது. பேசுபவர் பொத்தானை அழுத்தியிருக்கும் நேரமெல்லாம் அவருடைய கருவி பேச்சுக்கு அடியில் ஒரு தாழ்ந்த தொனியையும் அனுப்பும். வழக்கத்திலுள்ள தொனிகள் 67.0 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரையில் உள்ளன. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்டவற்றை வாங்கி வடிகட்டிவிடுவதால் தொனி செவிக்கு எட்டாது. குறித்த தொனி உள்ள அலைக்கு மட்டுமே ஒலிபெருக்கி திறக்கும்.

விற்பனையாளர் சிலர் இதனைத் 'தனித்தடம்' என்றும் 'இரகசியப் பூட்டு' என்றும் விளம்பரப்படுத்துவது தவறு. தொனி நம் செவியைத்தான் அடைக்கிறது, தடத்தை அடைப்பதில்லை. தொனி அமைக்காத எந்தக் கருவியும் நம் பேச்சு முழுவதையும் கேட்கும். இதனினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. ஊரிகம் பக்கம் ஒரு குழுவும் சாம்பியன் ரீஃப் பக்கம் மற்றொரு குழுவும் ஒரே தடத்தில் வெவ்வேறு தொனிகளோடு பணிசெய்கின்றன என்று கொள்வோம். பழைய சுரங்க வாயருகே முதற்குழுவினர் ஒருவர் கால் சறுக்கி உதவி கோருகிறார். இரண்டாம் குழுவினரின் கருவி வாய் திறவாது. தடம் வெறுமையாக உள்ளது எனக் கருதி அவர்கள் பேசத் தொடங்கினால், அவர்களின் வலிய அலை அம்மெலிந்த குரலை அதன் சொந்தக் குழுவினரின் வாங்கியிலும் அழித்துவிடும். அழித்தவர்க்கும் தெரியாது, அழிக்கப்பட்டவர்க்கும் தெரியாது. ஆதலால் பேசுமுன் 'மானிட்டர்' பொத்தானை அழுத்தித் தொனி அடைப்பை நீக்கிச் செவிமடுத்தல் கட்டாயம் எனக் கொள்க. முகாமில் அமர்ந்திருப்பவரின் கருவிக்குத் தொனி அடைப்பே வேண்டா. இரைச்சல் சற்று மிகினும் அவர் யாவற்றையும் கேட்கட்டும்.

தொனியைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் தேவை. நம் நாட்டு மின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸ் முனகல் சரிவர வடிகட்டப்படாத மின்வழங்கியில் எளிதில் நுழையும். எனவே 100.0 ஹெர்ட்ஸ் தொனியைத் தவிர்த்து 88.5 அல்லது 123.0 போன்றவற்றைக் கொள்ளலாம்.

தொனியை அடையாளம் காண வாங்கிக்குக் கால் நொடியளவு நேரம் பிடிக்கும். பொத்தானை அழுத்தியவுடன் பேசினால் முதற்சொல் போய்விடும். பெரும்பாலும் அது அழைக்கப்பட்டவரின் பெயராக இருக்கும். அரை நொடி பொறுத்துப் பேசவேண்டும். தமிழில் பேசுவோர்க்கு முடிவிலும் ஓர் இடர் உண்டு. நம் மொழியில் மறுப்பு வினையின் ஈற்றில் நிற்கிறது. "இறக்காதே" என்பவர் பொத்தானைச் சற்று முந்தி விட்டுவிட்டால் "இறக்க" என்ற அளவே போய்ச் சேரும், கட்டளை தலைகீழாகும். ஆகவே களப்பணியில் எதிர்மறை ஏவலை விலக்கி, "நிறுத்து", "நில்", "பிடி" எனச் சொல்லப் பழகுதல் வேண்டும். சொல்லி முடித்து ஒரு கணம் தாழ்த்தே பொத்தானை விடவேண்டும்.

ஆசிரியர்கள் இவற்றை மூன்று வாக்கி-டாக்கிகளைக் கொண்டு பள்ளி மைதானத்தில் காட்டலாம். மூன்றும் ஒரே தடத்தில் இருக்கட்டும். முதலாவதில் 88.5 தொனியையும் இரண்டாவதில் 123.0 தொனியையும் அமைத்து, மூன்றாவதில் தொனியை நீக்கிவிடுக. முதற்கருவியில் ஒரு மாணவர் பேச, மூன்றாவது ஒலிக்கும், இரண்டாவது ஒலிக்காது. அதன் பின்னர், முதல் மாணவரைத் தொலைவில் நிறுத்தி, இரண்டாவது கருவியை மூன்றாவதன் அருகே கொணர்ந்து இருவரையும் ஒருங்கே பேசச் செய்க. மூன்றாவது கருவியில் அருகிலுள்ளவரின் குரல் தெளிவாக ஒலிக்க, தொலைவிலுள்ளவர் முற்றிலும் மறைந்துபோவார். இறுதியாக, முதல்வர் மட்டும் பேசும்போது வாய்மூடியிருக்கும் இரண்டாவது கருவியின் மேற்புறத்தைப் பார்க்கச் சொல்க. பல கருவிகளில் தடம் பயன்பாட்டில் உள்ளதைக் காட்டும் சிறு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருக்கும்.