எடையும் பருவமும்

நுழையும் முன்

கோலார் மாவட்டத்தின் செம்மண்ணில் கேழ்வரகும் விளைகிறது, மாவும் விளைகிறது. கேழ்வரகு விதைத்த சில மாதங்களில் கதிர் முற்றும். மாங்கன்றோ காய்ப்பதற்குப் பல ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். விரைவில் விளைந்ததால் கேழ்வரகு உயர்ந்ததும் அன்று. காலம் தாழ்த்தியதால் மா தாழ்ந்ததும் அன்று. குத்துச்சண்டை வீரர்களுக்கும் இவ்வாறே வெவ்வேறு பருவங்கள் உண்டு. ஒரு வீரர் எந்த வயதில் தம் திறனின் உச்சநிலையை அடைகிறார்? அதற்கும் அவருடைய உடல் எடைக்கும் உள்ள தொடர்பு யாது? இவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தங்கவயலின் விளையாட்டு

கோலார் தங்கவயலில் ஏறத்தாழ 120 ஆண்டுகள் பொன் அகழப்பட்டது. சாம்பியன் ரீஃப், மைசூர், உரிகம், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்களில் பணியாற்றத் தமிழகத்தின் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வந்து குடியேறின. அக்குடியிருப்புகளில் ஹாக்கியும் கால்பந்தும் குத்துச்சண்டையும் செழித்தன. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், உழைப்பால் உரமேறிய உடலைப் போற்றும் வழக்கம் அம்மண்ணில் மறையவில்லை. ஆகவே, உடலின் பருவத்தைப் பற்றிய இப்பாடத்தைத் தங்கவயலிலிருந்து தொடங்குவது பொருத்தமே.

எடைப்பிரிவு ஏன்?

உடல் எடை மிகுந்தவரின் குத்தில் விசை மிகுதி. ஆதலின், 50 கிலோ எடையுள்ளவரையும் 90 கிலோ எடையுள்ளவரையும் மோதவிடுவது அறமாகாது. இதனைத் தவிர்க்கவே எடைப்பிரிவுகள் வகுக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர்க்கு 51 கிலோ முதல் 92 கிலோவுக்கு மேற்பட்டோர் வரை ஏழு பிரிவுகளும், மகளிர்க்கு 50 கிலோ முதல் 75 கிலோ வரை ஆறு பிரிவுகளும் இருந்தன.

குறைந்த எடைப்பிரிவுகளில் வெற்றியைப் பெரிதும் தீர்மானிப்பது விரைவு. கால்கள் ஓயாது நகர வேண்டும். கைகள் இடைவிடாது குத்த வேண்டும். விரைவும் உடனடி எதிர்வினையும் இருபதுகளில் சிறந்து விளங்கும். பின்னர் மெல்லக் குறையும். மிகுந்த எடைப்பிரிவுகளிலோ ஒரே குத்து ஆட்டத்தை முடித்துவிடக் கூடும். அங்கே வலிமையும், காத்திருந்து அடிக்கும் பட்டறிவும் பெரிதும் துணைநிற்கும். தசையின் வலிமை முப்பது வயதையொட்டியும் நிலைத்திருக்கும். பட்டறிவோ ஆண்டுதோறும் வளரும். எனவே, எடை குறைந்தோர் இளமையிலும் எடை மிகுந்தோர் சற்றுப் பிந்தியும் உச்சநிலை அடைவது பொதுவான போக்காகும்.

சான்றுகள் சில

சென்னையைச் சேர்ந்த வி. தேவராஜன் குறைந்த எடைப்பிரிவில் விளையாடியவர். 1994இல் பாங்காக்கில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

அரியானாவைச் சேர்ந்த விஜேந்தர் சிங்கின் வளர்ச்சி, எடையும் பருவமும் இணைந்து செல்வதை நன்கு காட்டுகிறது. 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தம் 18ஆம் வயதில் 64 கிலோ பிரிவில் களமிறங்கிய அவர், பதக்கம் பெறவில்லை. 2006இல் காமன்வெல்த் போட்டியில் 69 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். உடல் வளர வளர அவர் 75 கிலோ பிரிவுக்கு உயர்ந்தார். அப்பிரிவில் 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2010இல் ஆசிய விளையாட்டில் தங்கமும் அவரை வந்தடைந்தன. வளரும் உடலைப் பழைய எடைக்குள் அடக்காமல், அதற்கு உரிய பிரிவை அவர் நாடினார் என்பது கருதத்தக்கது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் மானி பாக்கியாவ் இப்பாதையில் மிக நெடுந்தொலைவு சென்றவர். 1998இல் தம் 19ஆம் வயதில் ஏறத்தாழ 51 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 2010ஆம் ஆண்டிற்குள் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டங்களைப் பெற்றார்.

விதியும் விலக்கும்

பொதுப்போக்கு என்பது மீற இயலாத விதி அன்று. மணிப்பூரின் மேரி கோம் குறைந்த எடைப்பிரிவுகளில் விளையாடியவர். 2002இல் முதன்முறையாக உலக வாகையர் ஆனார். மகளிர் குத்துச்சண்டை 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் அறிமுகமானபோது மூன்று பிரிவுகளே இருந்தன. அவற்றுள் மிகக் குறைந்தது 51 கிலோ. 48 கிலோ பிரிவில் விளையாடிவந்த அவர், தம்மினும் பெரிய உடலினரோடு மோதி வெண்கலம் வென்றார். பின்னர், 2018இல் புதுதில்லியில் 48 கிலோ பிரிவில் ஆறாம் முறையாக உலகப் பட்டம் வென்றார். அப்போது அவர் முப்பத்தைந்து வயதைக் கடந்தவர். மூன்று மைந்தர்க்குத் தாய். விரைவு குறையத் தொடங்கும் வயதில் பட்டறிவு அவருக்குக் கைகொடுத்தது.

அமெரிக்காவின் மைக் டைசனோ இதற்கு மறுதலை. பெரும்பாலோர் பிந்தி உயரும் ஹெவிவெயிட் பிரிவில் 1986இல் தம் 20ஆம் வயதிலேயே உலகப் பட்டம் வென்றார். அதே பிரிவில் ஜார்ஜ் ஃபோர்மன் 1973இல் 24ஆம் வயதில் பட்டம் வென்று, அடுத்த ஆண்டே முகமது அலியிடம் இழந்தார். இருபது ஆண்டுகளுக்குப் பின், 1994இல் தம் 45ஆம் வயதில் மீண்டும் பட்டத்தைப் பெற்றார். ஒருவருக்கு ஒரே உச்சநிலைதான் உண்டு என்று கூறவும் இயலாது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

உடலை வஞ்சித்தல் ஆகாது

மாணவர்களே! பருவத்தை அறிவது பதக்கத்திற்காக மட்டும் அன்று. உயிரைக் காப்பதற்காகவும் ஆகும். எடை குறைந்த பிரிவில் எளிதில் வெல்லலாம் எனக் கருதிச் சிலர் உணவையும் நீரையும் விலக்கி, வியர்வையை வலிந்து வெளியேற்றி எடையைக் குறைப்பர். ஆழச் சுரங்கத்தின் வெப்பத்தில் உழைத்த தொழிலாளர் ஓர் உண்மையை அறிவர்: வியர்வையாய் வெளியேறுவது உடலின் கொழுப்பு அன்று, குருதிக்கு வேண்டிய நீரே ஆகும். அந்நீர் குறைந்தால் இதயம் தளரும், சிறுநீரகம் கெடும், சிந்தை மயங்கும். 1997இன் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிகளைச் சேர்ந்த மல்யுத்த வீரர் மூவர், எடையை விரைந்து குறைக்க முயன்றபோது உயிரிழந்தனர். அதன் பின்னரே அங்குக் கல்லூரி மல்யுத்த விதிகள் கடுமையாக்கப்பட்டன.

வளரும் பருவத்தினர்க்கு இத்தீங்கு இன்னும் பெரிது. பதினைந்து வயதில் எலும்பும் தசையும் வளர்ந்துகொண்டிருக்கும். அப்போது பட்டினி கிடந்து பெறும் பதக்கம், இருபத்தைந்தாம் வயதில் அடையவேண்டிய உச்சநிலையைப் பறித்துவிடக் கூடும். உடன் பயில்வோர் முந்திச் சென்றார் என்று மனம் தளர்தலும் வேண்டா. கேழ்வரகு அறுவடையாகும்போது மாங்கன்று வெறும் இலையோடுதான் நிற்கும். அதனை யாரும் வெட்டி எறிவதில்லை. நீர் ஊற்றிக் காத்திருப்பர்.

அருஞ்சொற்பொருள்

அகழ்தல் – தோண்டுதல்
உரம் – வலிமை
பட்டறிவு – அனுபவம்
வாகையர் – வெற்றியாளர்
மறுதலை – எதிரானது
குருதி – இரத்தம்

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. எடைப்பிரிவுகள் எதற்காக வகுக்கப்பட்டன?
2. மேரி கோம் இலண்டன் ஒலிம்பிக்கில் 51 கிலோ பிரிவில் விளையாடியது ஏன்?
3. வியர்வையால் குறையும் எடையைப் பற்றிப் பாடம் கூறுவது யாது?

ஆ) பத்து வரிகளில் விடை எழுதுக.
1. விஜேந்தர் சிங்கின் வளர்ச்சியை எடைப்பிரிவுகளோடு பொருத்தி விளக்குக.
2. பொதுப்போக்கிற்கு விலக்காக அமைந்த வீரர் இருவரைப் பற்றி எழுதுக.

இ) பிரித்து எழுதுக.
செம்மண், பட்டறிவு, நெடுந்தொலைவு

ஈ) சிந்தித்து எழுதுக.
நும் நண்பன் ஒருவன், நாளை நடைபெறும் போட்டிக்காக இன்று நீரும் அருந்தாமல் இருக்கிறான். அவனுக்கு அறிவுரை கூறி ஒரு கடிதம் வரைக.