மழை மிகுந்த பிரதேசத்தில் மண்புழு எரு ஆக்குதல்

சப்பிரகமுவத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் மரக்கறிப் பாத்தி வைத்திருப்போர் ஒரு குறையை அறிவர். எவ்வளவு எரு இட்டாலும், அடுத்த பயிருக்குள் மண் பழையபடி வெளிறிவிடுகின்றது. இதற்குக் காரணம் மழையே. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை வீழ்கின்றது. சரிவான நிலத்தில் அந்நீர் மேல்மண்ணையும், அதில் கரைந்த சத்துக்களையும் அடித்துச் செல்லும். மக்கிய சேதனப் பொருள் மிகுந்த மண்ணில் துணிக்கைகள் ஒன்றையொன்று பற்றி நின்று அரிப்பை ஓரளவு தாங்கும். அப்பொருளை வீட்டுக் கழிவிலிருந்தே ஆக்கித்தருவது மண்புழு.

எல்லா மண்புழுக்களும் இவ்வேலைக்கு உதவா. மண்ணில் ஆழமாக வளை அமைத்து வாழ்பவை பெட்டியில் நிலைப்பதில்லை. பழைய சாணக் குவியலில் காணப்படும், மக்கும் பொருளை உண்டு மேற்பரப்பில் வாழும் புழுக்களே ஏற்றவை. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை விசாரித்தோ, முன்னரே வளர்ப்பவரிடம் கேட்டோ சில நூறு புழுக்களைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

வரண்ட பிரதேசத்தார் குழி வெட்டி வளர்ப்பதைப் பார்த்து நீங்களும் குழி வெட்ட வேண்டாம். மண்புழு தோலினாலேயே சுவாசிக்கின்றது. வைகாசி மழையில் குழி நிரம்பினால் காற்று அற்றுப்போய், புழுக்கள் வெளியேறும், அல்லது மடியும். பல வாரப் பாடு ஓரிரவில் வீணாகும். ஆகவே 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள பலகைப் பெட்டியொன்றைக் கால்கள் பொருத்தி நிறுத்துங்கள். அடியில் நீர் வடியத் துளைகள் இடுங்கள். மேலே கிடுகு அல்லது தகரக் கூரை அவசியம்; சாரல் அடிக்கும் பக்கத்தைச் சாக்கினால் மறைக்கலாம். ஒவ்வொரு காலையும் நீர் நிரப்பிய சிரட்டையில் வைத்தால் எறும்பு ஏறாது. கோழிகளை அண்டவிடாதீர்கள், ஒரு கோழி நுழைந்தாலும் புழுக்கள் எஞ்சமாட்டா.

பெட்டியின் அடியில் இரண்டு அங்குலம் தென்னம்பொச்சைப் பரப்பி, அதன்மேல் சருகு, நறுக்கிய வாழைத்தண்டு, இரு வாரம் ஆறிய சாணம் ஆகியவற்றைக் கலந்து ஆறு அங்குலம் இடுங்கள். புதுச் சாணம் சூடேறிப் புழுவைக் கொல்லும். கையை உள்ளே விட்டுப் பார்த்துச் சூடு இல்லையெனின் புழுக்களை விடலாம். பின்னர் மரக்கறித் தோல், கிளிரிசீடியா இலை, தேநீர் வடித்த சக்கை ஆகியவற்றை மெல்லிய படையாக இட்டு, அது குறைந்தபின் அடுத்ததை இடவேண்டும். உப்பு, எண்ணெய், மீன், புளிப்பான பழத்தோல், களைகொல்லி தெளித்த புல் ஆகியன ஆகா. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் சொட்டுவதே தக்க ஈரம். நாற்றம் எழுந்தால் தீனியோ நீரோ மிகுந்துவிட்டது என அறிந்து, உலர்ந்த சருகைக் கலந்துவிடுங்கள்.

ஏறக்குறைய இரண்டு மாதத்தில் கழிவு கறுத்து, தேயிலைத் தூள்போல் உதிரும். அதனை வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்தால் புழுக்கள் அடிக்கு இறங்கிவிடும். மேலுள்ள எருவை வழித்தெடுத்து, புழுக்களை மீண்டும் பெட்டியில் இடுங்கள்.

வயலுக்கும் இதுவே போதுமா என நெற்செய்கையாளர் கேட்பதுண்டு. போதாது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. மண்புழு எருவில் அது பெரும்பாலும் இரண்டு பங்கு அளவிலேயே இருக்கும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. ஆயினும் 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததை எவரும் மறந்திருக்கமாட்டார். ஒரு பெட்டி எருவை ஏக்கர் வயலில் தூவுவதிலும், நாற்றுமேடையிலும் மரக்கறிப் பாத்தியிலும் இடுவதே பயன்தரும்.

நாற்றுமேடைக்கு மூன்று பங்கு மண்ணுடன் ஒரு பங்கு எருவைக் கலக்கலாம். கத்தரி, மிளகாய், தக்காளி நடும் குழிக்கு இரண்டு கைப்பிடி போதும். எருவை வெயிலில் காயவிடாது நிழலில் வைத்திருங்கள். பெருமழைக்கு அறிகுறி தெரியும் நாளில் இடாது, மழை ஓய்ந்தபின் இட்டு, உடனே மண்ணால் மூடி, மேலே சருகு பரப்பிவிடுங்கள்.