பிடி மாற்றும் செல்கள்

அன்புள்ள மலர்விழி,

செல்கள் பிடி தளர்வதால்தான் புற்று பரவுகிறது என்றால், பிடியை இறுக்கும் மருந்து போதாதா என்று ஜமுனாமரத்தூரிலிருந்து கேட்டிருக்கிறாய். இந்த அரைகுறை விளக்கம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது எனக்கு எரிச்சலூட்டுகிறது. பற்றுதளத்தை விட்ட எபிதீலியச் செல் தானாகவே மடிவதை 1994-இல் ஃபிரிஷ், ஃபிரான்சிஸ் இருவரும் காட்டினார்கள். பிடியை வெறுமனே விட்ட செல் எப்படிப் பரவும்? அது பிடியை மாற்றிக்கொள்கிறது. புராஸ்டேட் புற்றையே எடுத்துக்கொள். நலமான புராஸ்டேட் சுரப்பியில் அடிவரிசைச் செல்கள் ஆல்ஃபா-6 பீட்டா-4 இன்டெக்ரின் என்ற பற்று ஏற்பியால் லேமினின்-332 புரதத்தைப் பற்றி ஊன்றி நிற்கின்றன. புற்றில் அந்த அடிவரிசையே மறைகிறது. பீட்டா-4 போய்விட, ஆல்ஃபா-6 பீட்டா-1 உடன் சேர்ந்து நகர்வுக்கு உதவுகிறது. செல்லோடு செல்லைப் பிணைக்கும் இ-கேட்ஹெரினும் வீரியமான கட்டிகளில் குறைந்தாலும், பரவிய இடங்களில் பலமுறை மீண்டும் தென்படுகிறது.

எலும்புக்கு வருவோம். முற்றிய புராஸ்டேட் புற்று பெரும்பாலும் அங்கேதான் குடியேறுகிறது. 1889-இல் ஸ்டீபன் பேஜெட் எழுதிய சிறு கட்டுரையை நீ கட்டாயம் படிக்க வேண்டும். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளில் கல்லீரலில் பரவியவை 241, மண்ணீரலில் 17 என்று எண்ணிக் காட்டி, விதை எங்கும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். சாமை விளையும் ஜவ்வாது மலைச் சரிவில் வளர்ந்த உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த மண்ணைச் செல் அறிவது ஏற்பிகளால்தான்: எலும்பிலுள்ள ஆஸ்டியோபொன்டின் புரதத்தை ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரின் பற்றுகிறது.

இடுப்புக்குழியையும் முதுகெலும்பையும் இணைக்கும் வால்வற்ற சிரைகளை 1940-இல் பேட்சன் விவரித்தாரே, இரத்தம் போகும் வழியே போதாதா என்பாய். வழி செல்லைக் கொண்டுபோய்ச் சேர்க்கும், தங்கவைக்காது. ஆல்ஃபா-வி பீட்டா-3 இன்டெக்ரினைத் தடுத்த சிலென்ஜிடைட் மருந்து புராஸ்டேட் புற்றில் பலன் தரவில்லை என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அது கொடுக்கப்பட்டது நோய் முற்றியவர்களுக்கு. குடியேறிவிட்ட கட்டிக்கு வேறு பிடிகளும் உண்டு. ஒன்றைத் தடுத்தால் போதும் என்ற எதிர்பார்ப்பே பிழை என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் வீட்டில் சொல். முதிய ஆண் ஒருவருக்குச் சிறுநீர்க் கோளாறோடு விடாத முதுகுவலியும் இருந்தால், அது எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றாகவும் இருக்கலாம்; தைலத்தோடு நிறுத்தாமல் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

அன்புடன்,
உன் ஆசிரியர்