வயதைக் கேட்டு வெட்டாதீர்கள்

பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பாரதியார் கோட்டோ கண்ணன் வேடமோ ஆர்டர் வாங்கித் தைப்பவர்கள், குழந்தையின் வயதை மட்டும் கேட்டுத் துணியை வெட்டக் கூடாது. ஒரே வகுப்புப் பிள்ளைகளுக்கிடையே உயரத்தில் நாலு விரற்கடை வித்தியாசம் சாதாரணம். அதைவிட முக்கியம் தலைச் சுற்றளவு. ஐந்து வயதிலேயே அது சுமார் 50 செ.மீ. ஆகிவிடுகிறது, உடம்பு சிறியதுதானே என்று கழுத்தைக் குறுக்கினால் உடை தலைவழியே இறங்காது. தலைப்பாகைக்கும் கிரீடத்துக்கும் இதே அளவுதான் ஆதாரம்.

தொளதொளவென்று தைத்துவிட்டால் யாருக்கும் பொருந்துமே என்பார்கள். பொருந்தும், ஆனால் தரையில் புரளும் விளிம்பு மேடைப்படியில் குழந்தையைத் தடுக்கிவிடும். வளரும் பிள்ளைக்கு இடம் வேண்டுமென்றால் பக்கத் தையலில் ஓர் அங்குலம் உள்ளே விட்டு, கீழே அகலமாக மடித்துத் தையுங்கள், பிறகு பிரித்துவிடலாம். தொளதொளப்பைக் கழுத்துக் கயிற்றால் இறுக்குவது ஆபத்து. ஏழு வயதுக்குட்பட்டோர் உடையில் கழுத்துப் பகுதியில் கயிறு தொங்குவதை ஐரோப்பியத் தரவிதி ஈஎன் 14682 ஏற்பதில்லை. அங்கே வெல்க்ரோ வையுங்கள், இழுத்தால் கழன்றுவிடும். குழந்தையை நேரில் அளக்க முடியாத வெளியூர் ஆர்டரா? நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றையும் நாடாவால் எடுத்த தலையளவையும் அனுப்பச் சொல்லுங்கள். பருத்தித் துணியானால் வெட்டுமுன் நனைத்துக் காயவைத்துவிடுங்கள்.