பொழுதுபோக்குத் திரைநேரம்: பெருந்தொற்று விட்டுச்சென்ற பழக்கம்

கோவிட் பெருந்தொற்றினால் தமிழ்நாட்டில் 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட பள்ளிகள், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு 2021 நவம்பர் 1 அன்றே மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் பாடம் கைபேசிக்கு வந்தது. அதனுடன் விளையாட்டும் காணொளியும் வந்தன. பாடம் வகுப்பறைக்குத் திரும்பிய பின்னரும், மற்றவை பல வீடுகளில் தங்கிவிட்டன.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவில் 12, 13 வயதுடைய 5,412 பிள்ளைகளிடம் 2020 மே மாதம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. பள்ளிப் பாடத்திற்கான நேரத்தை நீக்கிய பிறகும், அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 7.7 மணி நேரம் திரையின் முன் இருந்தனர். தொற்றுக்கு முன் இக்குழுவினரிடம் கணக்கிடப்பட்ட அளவு 3.8 மணி நேரமே. மனஅழுத்தம் மிகுந்த பிள்ளைகளிடம் திரைநேரம் கூடுதலாகவும், பிறரின் ஆதரவு பெற்றவர்களிடம் குறைவாகவும் இருந்தது. இவற்றுள் எது காரணம், எது விளைவு என்பதை இவ்வாய்வு நிறுவவில்லை. எனினும், பிள்ளையைக் கண்டிக்கும் முன் அதன் மனத்தில் உள்ளதைக் கேட்டறிவது நன்று.

சீனாவின் ஃபெய்செங் நகரில் 6 வயதுக் குழந்தைகளிடையே கிட்டப்பார்வை, 2015 முதல் 2019 வரை அதிகபட்சம் 5.7 விழுக்காடாக இருந்தது. 2020இல் அது 21.5 விழுக்காடாயிற்று. பகல் வெளிச்சத்தில் விளையாடுவது கிட்டப்பார்வை தோன்றுவதைத் தடுக்க உதவும். வீட்டினுள் அடைபட்ட குழந்தைகள் அதனை இழந்தனர்.

இழந்ததை மீட்போம்

கைபேசியைப் பறிப்பதனால் பிணக்கே மிஞ்சும். அது கவர்ந்துகொண்ட உறக்கம், ஓட்டம், உரையாடல் ஆகியவற்றை முதலில் மீட்டுத் தாருங்கள்.

1. உறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்து, கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். 5 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி நேரமும், 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை.
2. பள்ளி செல்லும் பிள்ளைகள் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் ஓடியாடட்டும், இயன்றவரை வெளியில்.
3. உண்ணும்போது எவர் கையிலும் கைபேசி வேண்டாம். இவ்விதி பெற்றோருக்கும் பொருந்தும்.
4. ஒரே நாளில் நிறுத்தாமல், வாரந்தோறும் அரை மணி நேரமாகக் குறைத்து வாருங்கள்.
5. இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம். உறவினருடன் காணொளியில் பேசுவது விலக்கு. 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேற்படாதிருக்கட்டும்.

மருத்துவமனையில் தங்கியிருக்கும் குழந்தைக்கு, வலியை மறக்கக் கைபேசி சற்று உதவலாம். அருகில் அமர்ந்து, உடன் பாருங்கள். நேரத்தையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எப்போது மருத்துவரை அணுகுவது?

கண்களைச் சுருக்கிப் பார்த்தல், அடிக்கடி தலைவலி, தொடர்ந்த உறக்கமின்மை, பள்ளி செல்ல மறுத்தல், கைபேசியை வாங்கினால் கட்டுக்கடங்காத சினம், எதிலும் நாட்டமின்மை ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள். தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாகப் பிள்ளை கூறினால் தனித்து விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.