அடுத்த தடவை வராத பிள்ளை

அன்புள்ள இளைய மருத்துவருக்கு,

குழந்தை மருத்துவம் முடித்துவிட்டு நம் பக்கம் பணிக்கு வந்திருக்கிறீர்கள். சேலமோ நாமக்கல்லோ, சீக்கிரமே உங்கள் கைக்கு ஒரு குழந்தை வரும். பிறந்த சில நாள் நன்றாகப் பால் குடித்து, பிறகு துவண்டு, கிருமித்தொற்று என்று ஆன்டிபயாடிக் போட்டும் தேறாமல், ரத்தத்தில் அம்மோனியா பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்ட குழந்தை. அல்லது கல்லீரல் பெருத்து வயிறு முன்தள்ளி, விடிகாலையில் சர்க்கரை இறங்கி வலிப்பு வந்த குழந்தை. ரத்தப் பொட்டு வைத்த தாள் டாண்டம் மாஸ் பரிசோதனைக்குப் போகும். மரபணு அறிக்கை வரும். நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கும். அன்றைக்கு உங்களுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். நான் எழுத வந்தது அதற்கு மறுநாள் தொடங்கும் வேலையைப் பற்றி.

"புள்ளைக்கு இப்பப் பரவால்லீங்க, அதான் வரலீங்க." இந்த வாக்கியத்தை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். மற்ற நோய்களில் குணமானவர் வராமல் போனால் கவலையில்லை. பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாட்டில் நன்றாக இருக்கும் பிள்ளைதான் முதலில் கைநழுவிப் போகும். பயோட்டினிடேஸ் குறைபாட்டையே பாருங்கள். மலிவான ஒரு வைட்டமின் மாத்திரையைத் தினமும் கொடுத்தால் போதும், பிள்ளை எல்லாரையும்போல ஓடியாடும். ஓடியாடுகிறதே என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். அதனால் காது கேளாமல் போனால், பிறகு மாத்திரையை மறுபடி தொடங்கினாலும் அது பெரும்பாலும் திரும்புவதில்லை.

குடும்பங்களைச் சொல்லி என்ன, மருத்துவ உலகமே இப்படி ஏமாந்திருக்கிறது. பினைல்கீட்டோனூரியாவை நார்வேயின் ஃபாலிங் 1934-ல் கண்டுபிடித்தார். 1950-களில் பிக்கல் உணவுமுறை வகுத்தார். 1960-களில் கத்ரியின் ரத்தப் பொட்டுச் சோதனை பரவியது. மூளை வளர்ந்தாயிற்று, இனிப் பயமில்லை என்று ஐந்தாறு வயதில் பத்தியத்தை நிறுத்திவிடுவது அப்போது பல இடங்களில் வழக்கம். அந்தப் பெண் குழந்தைகள் வளர்ந்து தாயானார்கள். 1980-ல் லென்கியும் லெவியும் 500-க்கு மேற்பட்ட கர்ப்பங்களின் விவரத்தைத் திரட்டி வெளியிட்டபோது, தாயின் ரத்தத்தில் ஏறியிருந்த பினைல்அலனின், நோயே இல்லாத சிசுவின் மூளையைக் கருவிலேயே கெடுத்திருந்தது தெரிந்தது. காலக்டோசீமியாவும் அப்படித்தான். பாலை நிறுத்தினால் உயிர் பிழைக்கும். ஆனால் பேச்சுத் தடுமாற்றமும், பெண்களுக்குச் சூலகம் முன்கூட்டியே ஓய்ந்துபோவதும் வருடங்கள் கழித்துத்தான் தெரியவந்தன. விடாமல் பின்தொடர்ந்தவர்களால் மட்டுமே இவை நமக்குத் தெரியும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பாடப்புத்தகத்தின் உணவுப் பட்டியல் நாமக்கல்லில் செல்லாது. இது முட்டை ஊர். பள்ளியில் சத்துணவோடு வாரம் ஐந்து நாள் முட்டை. கடுமையான பினைல்கீட்டோனூரியா உள்ள பிள்ளைக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதித்த பினைல்அலனின் பெரும்பாலும் அந்த ஒரு முட்டையிலேயே தீர்ந்துவிடும். "முட்டை கொடுக்காதீங்க" என்று தாயிடம் சொல்லிப் பயனில்லை. சத்துணவு அமைப்பாளருக்கும் வகுப்பாசிரியருக்கும் நீங்களே தமிழில் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்குத் திட்டத்தில் வாழைப்பழம் உண்டு. இந்தப் பிள்ளைக்கு அது சரி. பக்கத்து வகுப்பில் கிளைக்கோஜன் சேமிப்பு நோய் முதல் வகை உள்ள பிள்ளை இருந்தால் கதை தலைகீழ். அதற்கு முட்டை ஆகும், பழச்சர்க்கரைதான் ஆகாது.

புரதம் குறைத்துக் கொடுக்கும் குழந்தைக்குக் கலோரியையும் குறைத்துவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்துக்கொள்ளும். அதற்கு நம் ஜவ்வரிசி ஒரு வரம். அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். வெளிநாட்டு டின்னுக்குக் காசில்லாத வீட்டில்கூட ஆத்தூர், ராசிபுரம் சேகோ ஃபேக்டரிகளின் ஜவ்வரிசி இருக்கும். ஆனால் புரதத்துக்குப் பதிலான பிரத்தியேக அமினோ அமில மாவுக்கு ஜவ்வரிசி ஈடாகாது. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கிளைக்கோஜன் நோய்க்குப் பச்சை மக்காச்சோள மாவுதான் (கார்ன் ஸ்டார்ச்) மருந்து. 1984-ல் ஒய்.டி. சென் குழுவினர் எழுதியது. வேகவைக்காத மாவு மெதுவாகச் செரித்து மணிக்கணக்கில் சர்க்கரையைத் தாங்கும். கஞ்சியாகக் காய்ச்சினால் அந்தக் குணம் போய்விடும். இங்கேதான் பாட்டி குறுக்கே வருவார். "பச்சை மாவு புள்ளை வயித்துக்கு ஆகாதுங்க" என்று தாய் தூங்கும் நேரத்தில் காய்ச்சி ஊட்டிவிடுவார். ஆகவே பாட்டியையும் ஓ.பி.க்கு வரச்சொல்லுங்கள். தராசு வைத்து மாவை எடைபோட்டு, பச்சைத் தண்ணீரில் கலக்கி அவர் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். நடு இரவுக்கு ஒரு வேளை கட்டாயம். எனக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர், எந்த ஊர் டோல்கேட்டில் நின்றாலும் இரவு இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போன் அடித்து மனைவியை எழுப்பிவிடுவார். அவர் மகன் நன்றாக இருக்கிறான் என்றால் பாதிப் புண்ணியம் அந்தப் போனுக்கு. பதின்ம வயதில் இந்தப் பிள்ளைகளுக்குக் கல்லீரலில் கட்டி, சிறுநீரில் புரதம், யூரிக் அமிலம் என்று வரிசையாக வரலாம். அதனால் நன்றாக இருக்கிறவனுக்கும் ஸ்கேன் வேண்டும்.

ஆடி மாதத்தைக் கவனியுங்கள். மாரியம்மன் பண்டிகைக்கு வீடே விரதமிருக்கும்போது பிள்ளையும் சேர்ந்துகொள்ளும். அதைவிட எனக்குப் பயம் ஹாஸ்டல் பள்ளிகள். பிளஸ் டூ மார்க்குக்காகச் சேர்த்துவிடுவார்கள். வார்டனிடம் நோயைச் சொல்லமாட்டார்கள். பிள்ளையும் நண்பர்கள் முன்னால் மாவு டப்பாவைத் திறக்கக் கூச்சப்படும். பன்னிரண்டு வயதிலிருந்தே பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையிடம் தனியாகப் பேசிப் பழகுங்கள். பினைல்கீட்டோனூரியா உள்ள பெண் பிள்ளையிடம், கருத்தரிக்கும் முன்பே பத்தியத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை அவள் காதில் போட்டுவையுங்கள். வரன் பார்க்கும்போது வீடு இந்த நோயை மறைக்கத்தான் பார்க்கும்.

காய்ச்சல், வாந்தி வந்த இரவில் பிள்ளை போவது உங்களிடம் அல்ல, பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்கு. அங்கிருக்கும் டியூட்டி டாக்டர் இந்த நோயின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார். ஒரு தாளில் நோயின் பெயர், முதலில் போடவேண்டிய டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்பின் அளவு, பார்க்கவேண்டிய ரத்தச் சோதனை, உங்கள் கைப்பேசி எண் எல்லாம் எழுதி, கையெழுத்திட்டு, லேமினேட் செய்து கொடுங்கள். ஒன்று தாயிடம், ஒன்று பள்ளியில், ஒன்று பைக் பெட்டியில்.

"சொந்தத்துல கட்டுனதால வந்துச்சுங்களா?" என்று கேட்பார்கள். மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் ஊர் இது. வாய்ப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் கட்டி முடித்தவர்களிடம் பிரசங்கம் செய்து என்ன பயன்? பழி முழுக்க அந்தப் பெண்ணின் தலையில்தான் விழும். நாலில் ஒன்று என்று சொன்னால், ஒன்று வந்துவிட்டது, இனி மூன்றுக்குக் கவலையில்லை என்று புரிந்துகொள்வார்கள். ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் அதே நாலில் ஒன்று என்று விரித்துச் சொல்லுங்கள். மரபணு அறிக்கையின் நகல் பத்திரமாக இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் சீக்கிரமே சோதித்துவிடலாம்.

பண விஷயத்தில் பூசி மெழுகாதீர்கள். 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் உதவி 2022-ல் 50 லட்சம் ரூபாய் வரை என உயர்த்தப்பட்டது. நமக்கான சிறப்பு மையம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. சேலத்திலிருந்து ராத்திரி ரயில் இருக்கிறது. ஆனால் கோஷே (Gaucher), பாம்பே (Pompe) போன்ற நோய்களுக்கு நொதி மருந்து ஆயுளுக்கும் வேண்டும். 50 லட்சம் சீக்கிரம் கரையும். அதை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் மரியாதை. எல்லாவற்றுக்கும் சென்னைக்கு அலைக்கழிக்கவும் வேண்டாம். பல சோதனைகளுக்கு விரல் நுனி ரத்தத்தைத் தாளில் பொட்டு வைத்து, நிழலில் உலர்த்தித் தபாலில் அனுப்பினாலே போதும். தறி ஓட்டுகிறவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

உங்களுக்கும் இடமாறுதல் வரும். பிள்ளைகளின் விவரம் உங்கள் போனிலும் ஞாபகத்திலும் மட்டும் இருந்தால் அது உங்களோடு போய்விடும். ஒரு நோட்டுப் போடுங்கள், மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (டி.இ.ஐ.சி.) ஒரு பிரதி வையுங்கள். தாய் கையில் ஒன்று கொடுங்கள். இப்போதைக்கு ஒரே ஒரு வேலை: ஆறு மாதமாக வராத பிள்ளைகளின் பெயரை இந்த வாரமே எடுத்து, அந்தந்த ஊர்க் கிராமச் சுகாதாரச் செவிலியருக்குப் போன் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா