கைக்கருவி வாங்குமுன்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் மாணவியர் பலரது இல்லங்களில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "கல்லூரிக்குப் போகிறாள், நல்ல போன் ஒன்று வாங்கித் தர வேண்டும்" என்கிறார் தந்தை. தாய் சீட்டுப் பணத்தை எடுத்துத் தருகிறார். கடையில் விற்பனையாளர் எண்களை அடுக்குகிறார்: 108 மெகாபிக்சல் கேமரா, 8 ஜிபி ராம், 5000 எம்.ஏ.எச். பேட்டரி. பக்கத்துப் பெட்டியில் இருப்பது 50 மெகாபிக்சல்தான். ஆகவே அது மட்டம் என்று முடிவாகிவிடுகிறது. அந்தப் பெண் எந்தப் பாடம் படிக்கப் போகிறாள், நாள்தோறும் எவ்வளவு நேரம் பேருந்தில் செல்வாள், விடுதியில் தங்குவாளா, வீட்டிலிருந்து போவாளா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பெட்டியில் அச்சிட்ட எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை கருவியை அளக்கின்றனவே அன்றி, அதைக் கையாளப் போகிறவரை அளப்பதில்லை. துணிக்கடையில் துணியின் நயத்தைப் பார்க்கிறோம். தையற்கடைக்குப் போனால் நம் உடலை அளக்கிறார்கள். இந்த இரண்டாவது அளவைக் கைக்கருவி வாங்கும்போது விட்டுவிடுகிறோம். இதனால் நேர்ந்த இழப்புகளுக்கும், இதை மறவாதவர்கள் அடைந்த வெற்றிக்கும் கைக்கருவிகளின் வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 'நியூட்டன்' என்னும் கைக்கருவியை வெளியிட்டது. மனிதர் கையால் எழுதுவதை அப்படியே படித்து அச்செழுத்தாக்கும் என்பது அதன் பெருமை. எடை ஏறத்தாழ 400 கிராம். விலை 699 டாலர். அக்காலத்துக்கு அது வலிமை மிக்க கருவியே. ஆயினும் முதலில் வந்த நியூட்டன் கையெழுத்தைத் தப்பும் தவறுமாகப் படித்ததால் செய்தித்தாள்களின் கேலிக்கு ஆளாயிற்று. அதைவிடப் பெரிய குறை, அது எந்தச் சட்டைப் பையிலும் நுழையாது என்பது.

இதே காலத்தில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்னும் பொறியாளர் வேறொரு வழியில் சிந்தித்தார். கருவியை உருவாக்கும் முன்பே, தாம் எண்ணிய அளவில் ஒரு மரக்கட்டையை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்கு சென்றாலும் கட்டையும் கூடவே சென்றது. யாரேனும் சந்திப்புக்கு நாள் கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, ஒரு குச்சியால் அதன்மேல் தட்டிக் குறித்துக்கொள்வதுபோல் பாவனை செய்வார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் அந்தக் கட்டை அவருக்குச் சில உண்மைகளைப் புலப்படுத்தியது. மனிதர் இத்தகைய கருவியை ஒரு நாளில் பலமுறை, ஒவ்வொரு முறையும் சில வினாடிகள் மட்டுமே எடுத்துப் பார்க்கின்றனர். அவர்களுக்கு வேண்டியவை நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல், சிறு குறிப்புகள் ஆகியவையே. எடுத்தவுடன் அவை கண்முன் நிற்க வேண்டும்.

இவ்வாறு பிறந்த 'பைலட்' என்னும் கருவி 1996இல் 299 டாலருக்கு வந்தது. எடை சுமார் 160 கிராம். நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. திரையோ நியூட்டனின் திரையைவிடச் சிறியது. கையெழுத்தைப் படிக்கும் வித்தையையும் ஹாக்கின்ஸ் எளிதாக்கிவிட்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எளிய கோடு என வகுத்து, அதை மனிதரே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டார். இரண்டு சிறு பேட்டரிகளில் வாரக்கணக்கில் ஓடியது. எண்களை மட்டும் பார்த்தவர் இதைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆனால் பைலட் அமோகமாக விற்றது. நியூட்டன் 1998இல் நிறுத்தப்பட்டது.

இங்கே நம் மாணவியர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஹாக்கின்ஸுக்குச் சட்டைப் பை இருந்தது. சுடிதாரில் பை வைத்துத் தைப்பதே அரிது. வைத்தாலும் அதில் கைக்குட்டை நுழைந்தால் பெரிது. ஆகவே அவருடைய அளவு நமக்கு அளவன்று. கைப்பையில் சாப்பாட்டு டப்பாவுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் நடுவே கிடக்கப்போகும் கருவிக்கு மெல்லிய உடலைவிட உறுதியான விளிம்பும் நல்ல உறையுமே முக்கியம்.

இனி, மாணவரை வைத்தே நடந்த ஒரு சோதனையைக் காண்போம். 2009ஆம் ஆண்டு அமேசான் நிறுவனம் 'கிண்டில் டி.எக்ஸ்.' என்னும் பெரிய திரையுள்ள மின்னூல் கருவியை 489 டாலர் விலையில் கொண்டுவந்தது. பாடநூல்களுக்கு ஏற்றது என்று கூறி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மாணவருக்கு அதைத் தந்து சோதித்தனர். அவற்றுள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் ஒன்று. திரை, காகிதம் போலக் கண்ணுக்கு இதமானது. பக்கம் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் செலவாகும். மூட்டை நூல்களைச் சுமக்க வேண்டியதில்லை. அச்சிடும் காகிதமும் அங்கு வெகுவாகக் குறைந்தது. இத்தனையும் இருந்தும் மாணவர் பலர் சலித்துக்கொண்டனர். ஏன்? கதைநூல் படிப்பவர் முதற்பக்கம் தொடங்கி வரிசையாகச் செல்கிறார். பாடம் படிப்பவரோ அப்படிச் செல்வதில்லை. முன்னும் பின்னும் புரட்டுகிறார், அடிக்கோடிடுகிறார், ஓரத்தில் கேள்விக்குறி இடுகிறார், இரண்டு பக்கங்களை அருகருகே வைத்து ஒப்பிடுகிறார். இந்த வேலைகள் அக்கருவியில் மெதுவாகவும் தொல்லையாகவும் இருந்தன. படிப்பது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தொழில்கள் இருப்பதை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது.

அதே ஆண்டில் இன்னொரு வழக்கும் எழுந்தது. கிண்டில் டி.எக்ஸ். நூலை உரக்கப் படிக்கும் வசதி உடையது. பார்வையற்ற மாணவருக்கு இது பெரும் பேறு என்றே யாரும் எண்ணுவர். ஆனால் நூலைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் முதலியவற்றைக் கருவி வாய்விட்டுச் சொல்லாது! பார்வையுள்ள ஒருவர் வந்து திறந்து கொடுத்தால்தான் பார்வையற்றவர் கேட்க முடியும். அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்புகள் இரண்டு, இச்சோதனையில் பங்குகொண்ட அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின்மீது வழக்குத் தொடுத்தன. அனைவரும் பயன்படுத்தும் வண்ணம் அமையாத கருவியை வகுப்பில் புகுத்தக் கூடாது என்பது அவர்கள் வாதம். 2010 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது. 'உரக்கப் படிக்கும்' என்ற ஒரு வரி பெட்டியில் உண்மையாகவே இருந்தது. ஆனால் யாருக்கு அது தேவையோ, அவர் தம் கையால் அதை எட்ட முடியவில்லை.

விளையாட்டுக் கருவிகளிலும் இதே கதைதான். 1989இல் நின்டெண்டோவின் 'கேம் பாய்' மங்கிய ஒற்றை நிறத் திரையோடு வந்தது. மறு ஆண்டு சேகா நிறுவனத்தின் 'கேம் கியர்' வண்ணத் திரையோடு வந்தது. ஆனால் வண்ணத் திரை, ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். கேம் பாயில் நான்கே பேட்டரி, அதுவும் பல மணி நேரம் தாங்கும். பிள்ளைகள் எதைத் தூக்கித் திரிந்தனர் என்று சொல்லத் தேவையில்லை.

கணிப்பானுக்கு வருவோம். வணிகவியல் படித்துப் பின் நிதி ஆய்வுத் துறைக்குச் செல்ல விரும்பும் மாணவியர் சிலர் இருப்பீர்கள். சி.எஃப்.ஏ. என்னும் உலகளாவிய தேர்வில் இருவகைக் கணிப்பான்களுக்கு மட்டுமே அனுமதி. அவற்றுள் ஒன்று 1981இல் அறிமுகமான எச்.பி. 12சி. இன்றைய எந்தக் கைபேசியும் அதைவிடப் பல மடங்கு வேகமானது. ஆயினும் தேர்வு மண்டபத்துக்குள் கைபேசி நுழையாது, இது நுழையும். மாறாக, பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வில் சொந்தக் கணிப்பானே கூடாது. கணினித் திரையில் தோன்றும் கணிப்பானைத்தான் பயன்படுத்த வேண்டும். நிரல் எழுதி வைக்கக்கூடிய விலையுயர்ந்த கணிப்பானைப் பல கல்லூரித் தேர்வுகளில் அனுமதிப்பதில்லை. ஆதலால் கணிப்பானை வாங்குமுன் தேர்வு விதிகளைப் படியுங்கள். நானூறு செயல்கள் கொண்ட கருவி, விதி இடம் தராவிட்டால் மேசை அறையில்தான் உறங்கும்.

முதலில் கூறிய 108 மெகாபிக்சலைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். நமக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரியுமே! ஏ-4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நன்றாக அச்சிட, அகலத்தில் 2480, உயரத்தில் 3508 புள்ளிகள் தேவை. பெருக்கினால் சுமார் 87 லட்சம், அதாவது 9 மெகாபிக்சலுக்கும் குறைவு. மேலும், 108 மெகாபிக்சல் கேமராக்கள் பெரும்பாலும் இயல்பான அமைப்பில் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்குகின்றன. 108ஐ 9ஆல் வகுத்தால் 12. 50 மெகாபிக்சல் கேமராவோ நான்கைச் சேர்த்து ஒன்றாக்குகிறது. 50ஐ 4ஆல் வகுத்தால் பன்னிரண்டரை! கடையில் எது மட்டம் என்று தள்ளினோமோ அதன் படம் எண்ணிக்கையில் ஒரு இம்மி கூடவே நிற்கிறது. படத்தின் தரத்தை முடிவு செய்பவை லென்சும், உணர்வியின் அளவும், மென்பொருளும். அப்படியே எடுத்த நல்ல படத்தையும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்புகிறது. ஆய்வகக் குறிப்பையும் கரும்பலகையையும் படமெடுக்க விரும்பும் மாணவிக்கு வேண்டியது, மங்கிய வகுப்பறை வெளிச்சத்தில் எழுத்து தெளிவாக விழுகிறதா என்பதே. அதைக் கடையின் இருண்ட மூலையில் ஒரு விலைச்சீட்டைப் படமெடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பெட்டியில் பெரும்பாலும் அச்சிடப்படாத ஓர் எண்ணை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் எத்தனை ஆண்டு வரும் என்பதே அது. நிறுவனத்துக்கு நிறுவனம், மாதிரிக்கு மாதிரி இது மாறுபடும். கல்விக் கட்டணமும் உதவித்தொகையும் கைபேசி வழியே செல்லும் இந்நாளில், மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முடியுமுன் கருவியின் பாதுகாப்பு முடிந்துவிடக் கூடாது. விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள். பலருக்கு விடை தெரியாது; நிறுவனத்தின் இணையதளத்தில் பார்க்கலாம்.

சரி, நம் தேவையை அறிவது எப்படி? ஒரு வாரம், இப்போது வீட்டில் உள்ள கைபேசியை எதற்கெல்லாம் எடுக்கிறோம் என்று ஒரு தாளில் நேரத்தோடு குறித்து வாருங்கள். மனத்தில் நினைப்பதை எழுத வேண்டாம், உண்மையில் செய்ததை எழுதுங்கள். செவிலியர் கல்லூரிக்குப் போகும் மாணவியின் தாளில் மருந்துப் பெயர் தேடலும், வார்டில் ஒரு கையால் எடுத்துப் பார்ப்பதும் மிகுதியாக வரலாம். அவளுக்குக் கட்டைவிரல் எட்டும் சிறிய திரையே நலம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பேருந்தில் செல்பவளுக்குப் பேட்டரியும், வெயிலில் தெரியும் திரையும் வேண்டும். பாடக்குறிப்புகள் எல்லாம் ஏ-4 பி.டி.எஃப். கோப்புகளாக வருமானால் ஆறு அங்குல மின்னூல் கருவி உதவாது. 21 செ.மீ. அகலத் தாள் அதில் சுமார் 9 செ.மீ.க்குச் சுருங்கும், எழுத்து பாதிக்கும் கீழே போய்விடும். அவளுக்கு ஒரு சாதாரணக் கைபேசியும் பத்து அங்குல டேப்லெட் ஒன்றும் சேர்ந்தே அந்த விலையுயர்ந்த ஒற்றைக் கைபேசியைவிடக் குறைவான செலவில் முடியலாம். பாட்டியும் அதே கருவியில் பேரனிடம் பேசுவார் என்றால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், உரத்த ஒலிபெருக்கியும் கணக்கில் சேரட்டும்.

கருவி கடையில் உங்கள் கைக்கு வந்ததும் முதலில் வாசற்படிக்கு வந்து வெயிலில் திரையைப் பாருங்கள். தமிழில் நான்கு வரி தட்டச்சுச் செய்யுங்கள். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழைப்பை ஏற்க முடிகிறதா என்று பாருங்கள். ஒலியைக் கூட்டி, சாலை இரைச்சலில் குரல் கேட்கிறதா என்று கவனியுங்கள். பழுதுபார்க்கும் நிலையம் உங்கள் ஊரில் உண்டா, பேட்டரி மாற்ற என்ன செலவாகும் என்று விசாரியுங்கள். இவ்வளவுக்கும் பதினைந்து நிமிடம் ஆகும். விற்பனையாளர் சற்று முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் உங்கள் அம்மாவுடையது.